டர்பன் சுகர் பீன்ஸ் கறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் தமிழர் வீடுகளில் வாரம் ஒருமுறையாவது அடுப்பில் ஏறும் சைவக் குழம்பு சுகர் பீன்ஸ் கறி. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக டர்பனுக்கோ ஜோபர்க்கிற்கோ (ஜோகன்னஸ்பர்க்) வந்தவர்களும், தனியாகச் சமைக்க ஆரம்பித்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சுகர் பீன்ஸ் என்பது எந்தப் பயறு? தமிழ்நாட்டில் கிடைக்குமா?

வெளிர் மஞ்சள் தோலில் கருஞ்சிவப்புப் புள்ளியும் கோடும் தெறித்த மாதிரி இருக்கும் காய்ந்த பீன்ஸ் கொட்டை. ராஜ்மாவின் இனத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் சித்ரா ராஜ்மா என்று கிடைப்பது இதற்கு ரொம்ப நெருக்கம். வெந்ததும் புள்ளிகள் மறைந்து முழுக்க இளம்பழுப்பாகிவிடும். நிறம் போய்விட்டதே என்று பதற வேண்டாம், எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

காயாமல் தோலோடு பச்சையாக விற்பதை டர்பன் சந்தையில் கத்ரா பீன்ஸ் என்பார்கள். கிடைத்தால் விடாதீர்கள். ஊறவைக்கும் வேலையே கிடையாது, உரித்துப் போட்டால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய வெந்துவிடும்.

நம் ஊரில் பழக்கமில்லாத பயறு எப்படி இங்கே நம் வீட்டுச் சாப்பாடானது?

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்குப் படியளந்தது அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் அல்லது நெய், கருவாடு போன்றவை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் பலர் கடலோரத்தில் துண்டு நிலம் பிடித்துக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். பீன்ஸ் கொடி அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு வந்து, ஜூலு மக்களின் சமையலிலும் நிலையான இடம் பிடித்துவிட்ட பயிர்.

வந்தவர்களுக்கு ஊரில் மொச்சை, அவரை, தட்டைப்பயறு எல்லாம் பழக்கம். மொச்சைக்கொட்டைக் குழம்பு வைக்கத் தெரிந்த கைக்கு சுகர் பீன்ஸ் அன்னியமாக இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தாளிப்பதும், கறிவேப்பிலையும், கொட்டை பாதி கரைந்து குழம்போடு சேர்வதும் இரண்டுக்கும் பொது. புளியின் இடத்தைத் தக்காளி பிடித்துக்கொண்டது, உருளைக்கிழங்கு கூட வந்து உட்கார்ந்துகொண்டது. தேங்காய் அரைத்து ஊற்றும் வழக்கம் டர்பன் பீன்ஸ் கறியில் இல்லை.

ஆட்டுக்கறி வாங்க முடியாத நாளின் சாப்பாடு என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இது தனக்கென்று ஒரு பக்குவம் உள்ள குழம்பு. ஆட்டுக்கறி மசாலாவைப் பாதி அளவு போட்டு அவசரமாக இறக்கினால் நன்றாக வராது.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

புதிய கொட்டைக்குத் தோல் பளபளப்பாக இருக்கும், புள்ளிகள் தெளிவாகத் தெரியும். வெளிர் மஞ்சள் மங்கிப் பழுப்பேறி, தோல் சுருங்கியிருந்தால் பழசு. பீன்ஸ் வெயிலிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இறுகிப்போய், பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் சரியாக மென்மையாவதில்லை. டர்பனின் கோடைக்காலம் அப்படிப்பட்டதுதான். அதனால் சரக்கு வேகமாக விற்றுத் தீரும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். வார்விக் பக்கத்து எர்லி மார்னிங் மார்க்கெட்டிலும் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டிலும் கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு வருடத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்காதீர்கள்.

ஊறவைக்காமல் செய்யக்கூடாதா?

செய்யலாம், பிரஷர் குக்கரில் நேரம் கூட்டி. ஆனால் சில கொட்டை குழைந்தும் சில கொட்டை நடுவில் மாவு மாதிரியும் இருக்கும். இரவே ஊறவைப்பதுதான் நல்லது.

ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போடுங்கள். 1.5 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. உப்புப் போட்டால் வேகாது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது அப்படியில்லை. பீன்ஸ் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியமும் மக்னீசியமும். உப்பில் உள்ள சோடியம் அவற்றில் கொஞ்சத்தை விலக்கிவிட்டு அந்த இடத்துக்கு வந்துவிடும். அதனால் தோல் மிருதுவாகும், வெடித்து உரிவதும் குறையும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கழுவிவிட்டால் போதும்.

மறந்துவிட்டீர்கள் என்றால் பீன்ஸை நிறைய தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்க ஊறியதற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சமாளித்துவிடலாம்.

முழுச் செய்முறை சொல்லுங்கள்.

நாலு பேருக்கு 250 கிராம் சுகர் பீன்ஸ். இரவு ஊறவைத்ததை வடித்துக் கழுவி, புதுத் தண்ணீர் 1.25 லிட்டர் ஊற்றி வேகவையுங்கள். முதல் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், பிறகு தணலைக் குறைத்து மூடுங்கள். டர்பனில் சாதாரணப் பாத்திரத்தில் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். பிரஷர் குக்கர் என்றால் அழுத்தம் ஏறிய பிறகு சுமார் 15 நிமிடம். ஒரு கொட்டையை எடுத்து நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பல் படாமல் நசுங்கினால் வெந்துவிட்டது. வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், குழம்பின் உயிரே அதுதான்.

இன்னொரு கனமான பாத்திரத்தில் நாலு மேசைக்கரண்டி எண்ணெய். காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி கடுகு, அது பொரிந்ததும் அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு துண்டு பட்டை, ஒரு பிரிஞ்சி இலை. பிறகு பெரிய வெங்காயம் ஒன்று பொடியாக நறுக்கியது, கீறிய பச்சைமிளகாய் இரண்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறத்துக்கு வரும்வரை பொறுமையாக வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி போட்டுப் பச்சை வாசம் போனதும் தணலைக் குறைத்து, மிக்ஸ்டு மசாலா (மிளகாய் தூக்கலான டர்பன் மசாலாத் தூள், கீழே சொல்கிறேன்) ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி.

இந்த இடத்தில் கவனமாக இருங்கள். மிளகாயின் நிறமும் மணமும் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. அதனால் மசாலா எண்ணெயில் கொஞ்சம் பொரிய வேண்டும். ஆனால் அரை நிமிடம் தாண்டினால் தீய்ந்து கசக்கும். கையில் ஒரு குவளைத் தண்ணீரோடு நின்று, அடிபிடிக்கிற மாதிரி தெரிந்தால் உடனே தெளியுங்கள்.

அப்புறம் உருளைக்கிழங்கு மூன்று, நடுத்தர அளவு, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டியது. மசாலாவில் புரட்டி, பீன்ஸ் வெந்த தண்ணீரிலிருந்து ஒரு கப் ஊற்றி 10 நிமிடம் மூடி வைத்துவிட்டு, அதன் பிறகு துருவிய தக்காளி இரண்டு சேர்ப்பது என் வழக்கம். நிறைய பேர் தக்காளியை முதலில் போட்டுக் கரையவிட்டு அதன்பின் கிழங்கு போடுகிறார்கள். அப்படிச் செய்தால் தக்காளிப் புளிப்பில் கிழங்கு கட்டியாகவே நிற்கும், துண்டு துண்டாகப் பார்க்க அழகாக இருக்கும். எனக்குக் கிழங்கின் ஓரம் கரைந்து குழம்பைக் கெட்டியாக்குவதுதான் பிடிக்கும்.

தக்காளி கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் வெந்த பீன்ஸை அதன் தண்ணீரோடு ஊற்றி, உப்புப் போட்டு, தைம் என்ற வாசனை இலையில் இரண்டு கொத்தைச் சேருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தைம் இலையைப் பார்த்துத் திகைப்பார்கள். ஆனால் இங்கே பருப்புக்கும் பீன்ஸுக்கும் கறிவேப்பிலையோடு அதையும் போடுகிற வீடுகள் பல. மெல்லிய தணலில் 20 நிமிடத்திலிருந்து 25 நிமிடம். கடைசியில் ஒரு கரண்டி பீன்ஸைப் பாத்திரத்தின் ஓரத்திலேயே மசித்துக் கலக்கி, கொத்தமல்லித் தழை தூவி இறக்குங்கள். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பரிமாறினால் உப்பும் காரமும் கொட்டைக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

மணிக்கணக்காகக் கொதித்தும் கல்லு மாதிரியே இருக்கிறதே?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். பீன்ஸ் பழசு. அல்லது தக்காளி, புளி, வினிகர் ஏதாவது பீன்ஸ் வேகும் முன்பே உள்ளே போயிருக்கும். புளிப்புப் பட்டால் கொட்டையின் தோலும் உட்சதையும் மென்மையாவது நின்றுபோகும். அதனால்தான் பீன்ஸைத் தனியாக வேகவைத்துவிட்டு மசாலாவில் சேர்க்கச் சொல்கிறேன். மூன்றாவது தண்ணீர். பண்ணைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் வேகாது. குடிக்க வைத்திருக்கும் வேறு தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள்.

சமையல் சோடா போட்டால் வேகும், உண்மைதான். 250 கிராமுக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் சோப்பு மாதிரி ருசி வரும், கொட்டை கூழாகிவிடும், பி1 வைட்டமினும் போய்விடும். பழைய பீன்ஸுக்கு மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பனில் ஒரு மணி நேரத்தில் வெந்தது, ஜோபர்க்கில் ஏன் வேக மாட்டேன் என்கிறது?

உங்கள் கைப்பக்குவத்தில் தவறில்லை. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆறு டிகிரிதானே என்று நினைக்கலாம், ஆனால் பீன்ஸுக்கு அது பெரிய வித்தியாசம். ஜோபர்க் பக்கத்து லெனேசியாவில் குடியேறிய டர்பன்காரர்கள் பிரஷர் குக்கரை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவே போதுமான காரணம். குக்கர் இல்லையென்றால் அரை மணி நேரமோ அதற்கு மேலோ கூட்டிக்கொள்ளுங்கள், தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். பிரிட்டோரியாவும் உயரம்தான். கேப் டவுனில் இந்தத் தொல்லை இல்லை.

எந்த மசாலா? கரம் மசாலா போடலாமா?

கரம் மசாலாவை வைத்து இந்தக் குழம்பை எழுப்ப முடியாது. டர்பன் மிக்ஸ்டு மசாலாவில் மிளகாய்தான் தலைவர். அதோடு மல்லி, சீரகம், வெந்தயம், சோம்பு, பட்டை, கிராம்பு மாதிரியானவை கடைக்குக் கடை வேறு வேறு அளவில் இருக்கும். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மலை மலையாகக் குவித்து வைத்திருக்கும் மசாலாக்களில் சிலவற்றுக்கு மாமியாரை ஒழிக்கும் மசாலா என்றே அட்டை எழுதிக் குத்தியிருப்பார்கள். பீன்ஸுக்கு அந்த அளவு காரம் தேவையில்லை. நடுத்தரக் காரம், நல்ல சிவப்பு நிறம் உள்ளதைக் கேளுங்கள். சோம்பு மணம் தூக்கலாக இருந்தால் பீன்ஸுக்குப் பொருந்தும்.

தமிழ்நாட்டில் இருந்து முயற்சி செய்கிறவர்கள் காஷ்மீரி மிளகாய்த் தூள் ஒரு மேசைக்கரண்டி, மல்லித் தூள் இரண்டு தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகமும் சோம்பும் தலா அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை வெந்தயப் பொடி என்று கலந்தால் கிட்டத்தட்ட அந்த ருசி வந்துவிடும்.

ஸ்லோ குக்கரிலோ, மின்சாரம் நிற்கும் நாளில் வொண்டர்பேக்கிலோ (சூட்டைக் காக்கும் துணிப்பை) வைத்துவிடலாமா?

இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். ராஜ்மா இனத்துப் பீன்ஸில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகம், மற்றவற்றில் குறைவு. சரியாக வேகாத சிவப்பு ராஜ்மா நாலைந்து கொட்டை தின்றாலே ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் பேதியும் வரலாம். நன்றாகக் கொதித்தால் நஞ்சு அழிந்துவிடும். 80 டிகிரி வரை மட்டும் சூடாகி அப்படியே நின்றால் அழியாது, பச்சைக் கொட்டையில் இருந்ததைவிட வீரியம் கூடுவதும் உண்டு. ஸ்லோ குக்கரில் கொதிக்கவைக்காத பீன்ஸை நேராகப் போடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் குமிழிட்டுக் கொதிக்க விடுங்கள். அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் இன்னும் பாதுகாப்பு, ஜோபர்க் மாதிரி உயரமான ஊர்களில் அரை மணி நேரமே சரி. அதன் பிறகு கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தை மூடி வொண்டர்பேக்கிலோ கனமான போர்வைகளுக்குள்ளோ வைத்தால் மூன்று நாலு மணி நேரத்தில் அழகாக வெந்திருக்கும். எரிவாயுவும் மிச்சம். வெளியே எடுத்ததும் மறுபடி ஒரு கொதி விட்டுத்தான் மசாலாவில் சேர்க்க வேண்டும்.

டின் பீன்ஸில் செய்யலாமா?

தாராளமாக. உப்புத் தண்ணீரில் வரும் சுகர் பீன்ஸோ பட்டர் பீன்ஸோ என்றால் வடித்துக் கழுவி, மசாலாவும் கிழங்கும் வெந்த பிறகு சேர்த்து 10 நிமிடம் கொதித்தால் முடிந்தது. குழம்புக்குப் பிடிமானம் குறைவாகத்தான் இருக்கும், ஒரு கைப்பிடியை மசித்துவிடுங்கள்.

தக்காளிச் சாஸில் வரும் பேக்ட் பீன்ஸ் டின்னையும் இங்கே கறியாக்குவோம். மாதக் கடைசியில் பல வீடுகளைக் காப்பாற்றியது அது. அதில் ஏற்கெனவே சர்க்கரையும் தக்காளியும் இருப்பதால் தக்காளி போடாதீர்கள், பச்சைமிளகாயைக் கூட்டுங்கள், கடுகும் கறிவேப்பிலையும் தாராளமாகத் தாளியுங்கள். கால் மணி நேரத்தில் ரொட்டிக்குத் தயார்.

புரட்டாசி விரதத்துக்கு வெங்காயம், பூண்டு போடலாமா?

இங்கே புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி தொடாத தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கும், சாவு வீட்டில் 16ஆம் நாள் காரியம் முடியும்வரை அசைவம் சமைக்காதவர்களுக்கும் இந்தக் குழம்புதான் கைகொடுக்கிறது. வெங்காயம், பூண்டு விஷயம் வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் ஆயாவோ மாமியாரோ எப்படி வைத்தார்கள் என்று கேட்டு அதன்படி செய்யுங்கள். அவை இல்லாமல் செய்வதென்றால் தாளிக்கும்போது பெருங்காயம் கால் தேக்கரண்டி, இஞ்சி கொஞ்சம் கூட, தக்காளி மூன்று. மசித்துவிடும் பீன்ஸையும் இரண்டு கரண்டியாக்குங்கள், ஏனென்றால் குழம்புக்கு உடம்பு கொடுக்கும் வெங்காயம் அதில் இல்லை.

எதோடு சாப்பிடுவது? பன்னி சாவ் வீட்டில் செய்யலாமா?

சோறு, ரொட்டி இரண்டுக்கும் பொருந்தும். ஃபுத்து என்று ஜூலு மக்கள் செய்யும் உதிரியான மக்காச்சோள மாவுக் களியோடு ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், அதற்கும் பீன்ஸுக்கும் அவ்வளவு பொருத்தம்.

பன்னி சாவ் என்றால் பாணின் (பிரெட்டின்) உள்ளே குடைந்து குழம்பை ஊற்றுவது. இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் ஆகிவிட்ட பழைய கிரே ஸ்ட்ரீட் பகுதிதான் அதன் தாய்வீடு. யார் முதலில் செய்தார்கள் என்பதற்குப் பல கதைகள் உண்டு. நிறவெறிக் காலத்தில் உணவகத்துக்குள் உட்கார அனுமதியில்லாதவர்கள் தட்டு இல்லாமல் கையில் வாங்கிப் போக இது வசதியாக இருந்தது. ஆட்டுக்கறி பன்னிக்குப் பேர் அதிகம் என்றாலும் பீன்ஸ் பன்னி விலையிலும் குறைவு, என் நாக்குக்கு ருசியிலும் ஒரு படி மேல்.

வெட்டாத சதுர வெள்ளைப் பாண் வாங்கிக் கால்வாசியாக வெட்டுங்கள். நடுப் பாணைத் தோண்டி எடுத்துத் தனியாக வையுங்கள், அடியில் இரண்டு விரல் கனம் விடுங்கள். குழம்பு கெட்டியாக இருக்க வேண்டும், தண்ணீராக இருந்தால் அடி ஊறிக் கிழிந்துவிடும். ஊற்றியதும் தோண்டிய துண்டை மேலே வைத்து, முதலில் அதைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுங்கள். பக்கத்தில் துருவிய கேரட், வெங்காயம், பச்சைமிளகாய், வினிகர் கலந்த சாம்பல்ஸ். கரண்டி வேண்டாம், கைதான்.

வாயுத் தொல்லைக்கு என்ன செய்வது?

பீன்ஸில் உள்ள சில சர்க்கரை வகைகளை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் கிருமிகள் அவற்றைத் தின்னும்போது வாயு உண்டாகிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் அவற்றில் ஒரு பங்கு போய்விடும். பெருங்காயம், இஞ்சி, சீரகம் போடுவது நம் வழக்கம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகினால் பலருக்குத் தொல்லை குறைகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

பெயரில்தான் சுகர். நார்ச்சத்து நிறைந்தது, 100 கிராம் காய்ந்த பீன்ஸில் 20 கிராமுக்கு மேல் புரதம், ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். பார்க்க வேண்டியது கூடச் சேர்பவற்றை. கிழங்கைக் குறைத்து, வெள்ளைப் பாணைத் தவிர்த்து, குழம்பைக் கூட்டிச் சோற்றைக் குறைத்துச் சாப்பிடலாம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

மறுநாள் ருசி கூடும், அதனால் கொஞ்சம் சேர்த்தே செய்யுங்கள். ஆனால் டர்பன் புழுக்கத்தில் இரவு முழுக்க அடுப்பின் மேல் விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். சூடு பண்ணும்போது ஒரு கரண்டி வெந்நீர் சேர்த்து நன்றாகக் கொதிக்க விடுங்கள். ஃப்ரீசரில் வைக்கப் போகிறீர்கள் என்றால் கிழங்கு சேர்ப்பதற்கு முன்பே வெந்த பீன்ஸை அதன் தண்ணீரோடு டப்பாக்களில் பிரித்து வையுங்கள். கிழங்கு உறைந்து உருகினால் சொதசொதவென்று ஆகிவிடும், வெறும் பீன்ஸ் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.